நிழற்படத்தின் மேல் ஒரு தாள்

ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வரைதல் பள்ளிக்கூடத்திற்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் பரப்பிய மணலின்மேல், ஆசிரியர் எழுதிய எழுத்தின் தடத்திலேயே பிள்ளையின் விரல் சென்றது. தேசப்படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்துக் கடற்கரைக் கோட்டை எடுத்த மாணவர் பலர். சைக்ளோஸ்டைல் மெழுகுத்தாளில் எழுத்தாணியால் படங்களைக் கீறிப் பயிற்சித்தாள் ஆயத்தம் செய்த ஆசிரியர்களும் இந்நாட்டுப் பள்ளிகளில் இருந்தனர். அந்த மெல்லிய தாள் இன்று கணினித் திரைக்குள் புகுந்துவிட்டது. ‘லேயர்’ என்று வழங்கும் அதனைத் தமிழில் அடுக்கு எனலாம்.

தாள் மாறியதே தவிரக் கேள்வி மாறவில்லை. படத்தின்மேல் வைத்து வரைவது கல்வியா, வெறும் நகலா?

வரலாறு இதற்குச் சுவையான சான்று ஒன்றைத் தருகிறது. 1806ஆம் ஆண்டில் உவில்லியம் வொல்லாஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் ‘கேமரா லூசிடா’ என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். எதிரேயுள்ள காட்சி தாளின்மேல் படிந்திருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டும் பட்டகம் அது. 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் அக்கருவியை வைத்து வரைய முயன்றார் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். காட்சி தெளிவாகத் தெரிந்தது. கைதான் அதனைப் பின்பற்ற மறுத்தது. ஒளியே தன்னைத் தாளில் வரைந்துகொள்ளலாகாதா என்று அவர் அன்று ஏங்கினார். அந்த ஏக்கமே பின்னர் அவரைத் தாளில் நிழற்படம் எடுக்கும் முறையைக் கண்டறியச் செய்தது. கோட்டைத் தொடர இயலாத ஒருவர் நிழற்படம் தந்தார். இன்றைய மாணவரோ அந்நிழற்படத்தின் மீதே கோட்டைத் தொடர்கின்றார்.

அடுக்கு முறைக்கும் முன்னோடி உண்டு. அசையும் சித்திரப் படங்களுக்கு ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாள்களைப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்கரான எர்ல் ஹர்ட் 1914இல் காப்புரிமை கோரினார். அசையாத பின்னணி ஒரு தாளிலும் அசையும் உருவம் வேறொரு தாளிலும் அமைந்தன. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருள், 1994இல் தன் மூன்றாம் பதிப்பில்தான் அடுக்குகளைப் பெற்றது. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

பால்மரக் காட்டில் உழைத்த பாட்டியின் மங்கிய படம் ஒன்றை ஒரு மாணவி வரைய விரும்புகிறாள் என்று கொள்ளலாம். முதலில் படத்தைக் கீழ் அடுக்கில் வைத்து, அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்து, அசையாதபடி பூட்ட வேண்டும். அதன்மேல் வெற்று அடுக்கு ஒன்றைத் திறந்து அதில் மட்டுமே வரைதல் வேண்டும். முகத்திற்கு ஓர் அடுக்கு, தலைத்துண்டுக்கு ஓர் அடுக்கு, கையிலுள்ள வாளிக்கு ஓர் அடுக்கு எனப் பிரித்துக்கொண்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடாது. அடுக்குகள் நிலைத்திருக்க, கோப்பை அம்மென்பொருளுக்குரிய வடிவிலேயே சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவில் அடுக்குகள் அனைத்தும் ஒன்றாய் ஒட்டிவிடும்.

இவ்வளவும் கைத்திறனே. கல்வி இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

உண்மையில் முகத்தில் கோடுகளே இல்லை. கன்னம் எங்கே முடிந்து மூக்கு எங்கே தொடங்குகிறது என்பதை நிழற்படம் ஒளியாலும் நிழலாலும் உணர்த்துகிறதே அன்றிக் கோடிட்டுக் காட்டுவதில்லை. தலைத்துண்டின் நிழல் நெற்றியில் விழுந்திருந்தால், பழகாத கை அதனையும் தழும்புபோல் வரைந்துவிடும். மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்துத் தோன்றும். கோடும் அப்பிழையைச் சுமக்கும். எந்தக் கோட்டை எடுப்பது, எதனை விடுப்பது என்று தீர்மானிப்பவள் மாணவியே. ஒளி மாறும் இடங்களையெல்லாம் ஒரே நொடியில் கோடாக்கும் கருவி அதே மென்பொருளில் இருக்கின்றது. ஆயின், பாட்டியின் கண்ணோரச் சுருக்கமும் படத்தாளின் கிழிசலும் அக்கருவிக்கு ஒன்றே. அவ்விரண்டின் வேற்றுமையை அறிந்தவள் பேத்தி அன்றோ!

கீழ் அடுக்கின் அருகேயுள்ள கண் வடிவக் குறியை அழுத்தினால் நிழற்படம் மறையும். அப்போது எஞ்சுவது கோடு மட்டுமே. அக்கோடுகளில் பாட்டி இருக்கிறாரா? இல்லையெனின், மாணவி விளிம்பைக் கண்டாளே தவிர முகத்தைக் காணவில்லை என்பது புலனாகும். அதனால் சோர்வடைய வேண்டுவதில்லை. நிழற்படத்தை மறைத்தே வைத்து, வேறோர் அடுக்கில் நினைவைக்கொண்டு அவள் மீண்டும் வரையட்டும். வரைந்தபின் படத்தைத் திறந்து ஒப்பிடட்டும். தவறிய இடங்கள் தாமே தெரியும். பழைய மெல்லிய தாளில் இத்தனை எளிதாக இயலாத பயிற்சி இது.

நேர்மையும் இப்பாடத்தின் ஒரு பகுதியே. பிறர் எடுத்த படத்தின்மேல் வரைந்த கோட்டை, முற்றும் தன் கற்பனை என்று கூறுதல் தகாது. படத்தைப் பார்த்து வரைந்தது என்று அடியில் எழுதுவதால் மாணவரின் மதிப்பு குறையாது. பள்ளி இதழில் வெளியிடுமுன், படம் எடுத்தவரின் இசைவைப் பெறுதலும் கடமையாகும்.

ஆகவே, மதிப்பெண் இடும் ஆசிரியர் கோடு படத்தோடு பொருந்துகிறதா என்று மட்டும் நோக்குதல் போதாது. இக்கோட்டை ஏன் எடுத்தாய், அதனை ஏன் விட்டாய் என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்குத் தன் சொற்களில் விடை கூறும் மாணவர், நகல் எடுக்கவில்லை, காணக் கற்றுக்கொண்டார்.