படிகளோடு எழுது



என் தங்கை மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறான். வகுப்பறை ஜன்னல் வழியாக வரும் காற்று எந்த மூலை வரை போய்ச் சேர்கிறது என்று கணினியில் கணக்கிடுவதுதான் அவன் ப்ராஜெக்ட். அதற்கான மென்பொருள் கல்லூரியில் இரண்டு கணினிகளில்தான் உண்டு. சொந்தமாக லைசென்ஸ் வாங்க வசதியில்லை. "பசங்க எல்லாம் கிராக் காப்பிதான் போடறாங்க மாமா. நானும் போடட்டுமா, இல்ல தலைப்பையே மாத்திடட்டுமா?" என்றான்.

இரண்டும் வேண்டாம் என்றேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இன்று பொறியாளராக இருக்கும் மாணவர் ஒருவர் 'ஓபன்ஃபோம்' என்ற பெயரைச் சொன்னார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980களின் இறுதியில் தொடங்கிய வேலை. 2004இல் மூல நிரலோடு எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். காசு கிடையாது.

அவன் முதல் பயிற்சிக் கணக்கைப் போட்டபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 10 செ.மீ. சதுரப் பெட்டி. மேல்மூடி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. உள்ளே இருக்கும் திரவம் எப்படிச் சுழலும்? பெட்டியை கிராஃப் தாள் போல 20க்கு 20, ஆக 400 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறது. 'பாராவியூ' என்ற இன்னொரு இலவச மென்பொருள் விடையை வண்ணப்படமாகக் காட்டுகிறது.

காசு மிச்சமானதைவிட எனக்குப் பிடித்தது வேறு. எந்தச் சமன்பாடு, எந்த முறை என்பதையெல்லாம் யாரும் திறந்து படிக்கலாம். "படிகளோடு எழுது, வெறும் விடைக்கு மார்க் இல்லை" என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

சிரமமும் உண்டு. பட்டன் கிடையாது, கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அழகான படம் வந்துவிடும். அதனால் கட்டங்களை இன்னும் சிறிதாக்கி, விடை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நேரில் அளந்தும் ஒப்பிட வேண்டும். அவன் காற்றுவேகமானியோடு ஒரு வகுப்பறைக்கே போய் அளந்து வந்தான். ஜன்னலோரம் கணக்கும் அளவும் நெருங்கி வந்தன. கடைசி பெஞ்சு மூலையில் ஒத்துவரவில்லை. ஏன் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான். உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மும்பை ஐஐடியின் 'ஃபோஸி' திட்டம் இந்த மென்பொருளைக் கற்க மாணவர்களுக்கு உதவுகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிராக் காப்பி தேடினால் இதைச் சொல்லுங்கள். இந்தத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். வாரம் ஒரு மணி நேரம் சந்தேகம் தீர்த்து வைத்தால் போதும். ஒரு பிள்ளை தலைப்பை மாற்றாமல் முடித்துவிடும்.