கடைசி வருஷத்தை வச்சு ஒருத்தரை எடை போடலாமா?

போன பதிவுல தென்னையில சிவப்பு கூன்வண்டு பத்தி எழுதியிருந்தேன். அடுத்ததா வேப்பம்புண்ணாக்கு பத்தி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னிக்கு கால்பந்து பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க, கடைசியில தோப்புக்குத்தான் வந்து நிப்பேன்.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு சாயந்திரம். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சு, பொங்கல் ஊட்டியாச்சு. பம்புசெட்டு திண்ணையில மூணு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், சென்னையிலேருந்து லீவுக்கு வந்த என் பையன், தங்கச்சி மகன். தங்கச்சி மகன் ஊரோடதான் இருக்கான். என்கூட தோப்பு வேலையும் பார்ப்பான், சொந்தமா ஒரு குட்டியானை வச்சு தேங்காய் லோடும் அடிப்பான். ரெண்டு பேரும் அத்தை மகன், மாமன் மகன். பார்த்தாலே சண்டை. சினிமாவுக்காகவும் இல்ல, அரசியலுக்காகவும் இல்ல. சென்னையின் எஃப்சி டீமுக்கு முன்னாடி இருந்த ரெண்டு கோச்சுல யாரு பெரிய ஆளுன்னு சண்டை. பத்து வருஷமா இதே கதைதான்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். ஐஎஸ்எல் கால்பந்து 2014ல ஆரம்பிச்சுது. சென்னை டீமோட முதல் கோச் மார்க்கோ மாட்டராஸி, இத்தாலிக்காரர். 2006 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துல ஜிடான் ஒருத்தரை நெஞ்சுல தலையால முட்டினாரே, அந்த முட்டு வாங்கினவர். அதே ஆட்டத்துல இத்தாலிக்கு கோல் போட்டவரும் அவர்தான். மூணு சீசன் இங்க இருந்தார். அவருக்கு அப்புறம் 2017ல வந்தவர் ஜான் கிரிகரி, இங்கிலாந்துக்காரர். அந்த ஊர்ல ஆஸ்டன் வில்லா டீமை நடத்தினவர். ரெண்டு பேரும் சென்னைக்கு ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்தக் கோப்பை நம்ம பக்கம் வரவே இல்ல.

என் பையன் மாட்டராஸி கட்சி. தங்கச்சி மகன் கிரிகரி கட்சி.

பையன் எடுத்ததும் 2015ல ஆரம்பிப்பான். "மச்சான், அந்த வருஷம் மொத்தமே பதினாலு லீக் ஆட்டம். பத்து ஆட்டம் முடிஞ்சப்ப நாம பட்டியல்ல கடைசி. எல்லாரும் கைகழுவிட்டாங்க. கடைசி நாலு ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சு உள்ள போனோம். சென்னையில வெள்ளம் வந்து சொந்த மைதானத்துல ஆட முடியல. அரையிறுதி முதல் ஆட்டத்தை புனேயில போய் ஆடி, கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சோம். வேற எந்த கோச்சால முடியும்?"

அந்த வெள்ளத்தப்ப பையன் சென்னையில ஒரு மாடி ரூம்ல மாட்டிக்கிட்டான். ரெண்டு நாள் போன் இல்ல. நாங்க இங்க சோறு இறங்காம உட்கார்ந்திருந்தோம். அதுல நனைஞ்சு கிடந்த பசங்களுக்கு அந்த டிசம்பர்ல சந்தோஷப்பட ஒரே ஒரு விஷயம் இந்த டீம்தான்னு அப்புறமா சொன்னான். டிசம்பர் 20, கோவாவுல இறுதி ஆட்டம். 87வது நிமிஷம் கோவா கோல் போட்டு 2-1ன்னு முன்னாடி போயிடுச்சு. அவங்க ஊர், அவங்க கூட்டம். 90வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கையிலயே பட்டு பந்து உள்ள போச்சு. அடுத்த ரெண்டு நிமிஷத்துல மெண்டோசா இன்னொன்னு. 3-2. இதைச் சொல்றப்ப அவனுக்கு இன்னும் குரல் உடையும்.

தங்கச்சி மகன் பொறுமையா கேட்டுட்டு வைக்கோலைக் கடிச்சுக்கிட்டே சொல்வான். "சரி மாப்ள. அடுத்த வருஷம் என்னாச்சு? எட்டு டீம்ல ஏழாவது. மெண்டோசா இருந்தாரு, ஜெயிச்சாரு. அவரு இல்ல, முடிஞ்சுது. அது கோச் திறமையா, மெண்டோசா திறமையா?"

அப்புறம் அவன் கட்சிக்காரரைப் பத்தி பேசுவான். கிரிகரி வந்தப்ப விதியே மாறிப்போச்சு. அதுக்கு முன்னாடி பதினொரு பேர்ல ஆறு பேர் வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க ஆடலாம். 2017லேருந்து அஞ்சு பேர்தான். அதனால நம்ம நாட்டுப் பசங்களை வச்சு ஒரு டீமைக் கட்டணும். சீசனும் நீளம், பதினெட்டு லீக் ஆட்டம். அதுல ரெண்டாவதா முடிச்சாங்க. இறுதி ஆட்டம் 2018 மார்ச் 17, பெங்களூர்ல. எதிர்ல பெங்களூர் டீமே. லீக்ல நம்மளவிட எட்டு புள்ளி அதிகம் வாங்கினவங்க. ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் போட்டுட்டார். "அங்கேருந்து திரும்பி வந்து 3-2. மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. இதுல குருட்டு அதிர்ஷ்டம் எங்க இருக்கு சொல்லு மாப்ள?"

அந்த சீசன்ல ஒரு ஆட்டத்தை நானும் நேர்ல பார்த்தேன். இறுதிக்கு நாலு நாள் முன்னாடி, அரையிறுதி. மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்க சென்னை போயிருந்தேன். பையன் விடாம பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டான். வேட்டியோட போன ஆள் நான் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன். மேல ஒரு நீல பனியனை மாட்டி விட்டுட்டான். கோவாவை 3-0ன்னு ஜெயிச்சோம். அதுல ஒரு கோல் தனபால் கணேஷ் போட்டது. வியாசர்பாடி பையன்னு பக்கத்துல இருந்தவர் என் தோளை உலுக்கிச் சொன்னார். எனக்கு ஆஃப்சைடு இன்னிக்கும் புரியாது. ஆனா நம்ம ஊர்ப் பையன் கோல் போட்டா முப்பது வயசுக்காரனும் அறுபது வயசுக்காரனும் ஒண்ணா எழுந்து கத்துவாங்கன்னு புரிஞ்சுது.

சரி, அடுத்த சீசனுக்கு வருவோம். பையனுக்கு அதுதான் பிரம்மாஸ்திரம்.

2018-19ல அதே கிரிகரி, கிட்டத்தட்ட அதே பசங்க. பதினெட்டு ஆட்டத்துல ரெண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, பத்து டீம்ல பத்தாவது. சாம்பியனா இருந்த டீம் அடுத்த வருஷமே கடைசி. அப்பவும் அவரை அனுப்பல. 2019 நவம்பர்ல, புது சீசன்ல ஆறு ஆட்டத்துல ஒரே ஒரு வெற்றி வந்ததும் அவரே விலகிட்டார். ஓவன் காயில்னு ஒருத்தர் வந்தார், அதே பசங்களை வச்சு இறுதி ஆட்டம் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். "அப்ப தப்பு யார் மேல மச்சான்?" இது பையன். "அந்த வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ எல்லாம் கிரிகரி இருந்தப்ப வந்து சேர்ந்தவங்கதானே மாப்ள. அவரு நட்டுட்டுப் போனதை காயில் வந்து அறுத்தாரு." இது தங்கச்சி மகன்.

இப்ப நம்ம கதை.

அந்த 2018-19 சீசன் பாதியில இருக்கும்போதுதான், 2018 நவம்பர் 16 விடியக்காலம், கஜா புயல் வந்துச்சு. எங்க பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைதான் வாழ்க்கை. ராத்திரி முழுக்க மரம் விழுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தோம். விடிஞ்சு போய்ப் பார்த்தா, 140 மரத்துல 44தான் நிக்குது. மீதி எல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கிடக்குது. பெத்த பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாதுன்னு எங்க ஊர்ல பொழுதன்னிக்கும் சொல்லுவோம். அன்னிக்கு அந்தச் சொல்லும் சேர்ந்து விழுந்துடுச்சு.

மெழுகுவத்தி, தண்ணி கேன், அரிசி மூட்டையோட பையன் ஓடி வந்தான். பத்து நாள் கூட இருந்து ரம்பம் பிடிச்சான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா அடுத்த மாசி மாசம் வந்தப்ப ஒரு பேச்சு வந்துச்சு. "நிலத்தை வித்துட்டு சென்னைக்கு வந்துடுங்கப்பா. இனிமே கன்னு வச்சு அது எப்ப காய்ச்சு, எப்ப கடன் அடைஞ்சு..." நான் பதில் சொல்லல. அன்னிக்கு ராத்திரி போன்ல ஆட்டம் பார்த்துட்டு, சென்னை தோத்ததும் கோபத்துல கத்தினான். "கடைசி இடத்துக்கு வந்தவனை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அனுப்பி விடணும்!"

நான் இருட்டுல கட்டில்ல படுத்திருந்தேன். என்னையறியாம கேட்டுட்டேன். "அப்ப என்னையும் அனுப்பிடுவியாடா?"

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நான் உங்களைச் சொல்லலப்பா"ன்னான். எனக்கும் தெரியும், அவன் என்னைச் சொல்லல. ஆனா தூக்கம் வரல. அந்த ராத்திரி எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துச்சு.

அந்தத் தோப்பு அவர் வச்சது. மோட்டார் கிடையாது. குளத்துலேருந்து குடத்துல தண்ணி சுமந்து 140 பிள்ளைக்கும் ஊத்தினவர். அந்தக் காய்ல படிச்சோம், தங்கச்சி கல்யாணம் அந்தக் காய்ல. ஆனா அப்பாவைப் பத்தி யாராவது பெருமையா பேசினா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? "எல்லாம் சரி, கடைசியில ஒரு ஏக்கர் நஞ்சையை வித்தாரே." சொந்தக்காரர் ஒருத்தருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டார். அவர் கட்டல, அப்பா நிலத்தை வித்துக் கட்டினார். அந்த ஒரு ஏக்கரை நான் முப்பது வருஷம் வாயிலேயே வச்சிருந்தேன். அவர் இருக்கும்போது அவர் காதுபடவும் சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட அவர் பதில் சொன்னதில்ல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு தோப்புக்குப் போயிடுவார்.

ஒரு மனுசனோட நாப்பது வருஷத்தை விட்டுட்டு, கடைசி பட்டியலை மட்டும் பார்த்து மார்க் போட்டவன் நான். பையன் கிரிகரிக்குப் போட்ட அதே மார்க்.

விக்கலைன்னு உங்களுக்கே தெரியும், இந்த வலைப்பூவே அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான். அடுத்த ஆடியில கன்னு வச்சோம். பாதி நெட்டை, பாதி நெட்டைக்குட்டை. நெட்டைக்குட்டை நாலாவது வருஷமே காய்ப்புக்கு வந்துடுச்சு. நெட்டை பொறுமையைச் சோதிக்கும், ஆறேழு வருஷம் ஆகும். பதினாலு ஆட்டத்துல ஒரு கோச்சை முடிவு பண்ற மாதிரி தென்னையை முடிவு பண்ண முடியாது. டீம் நடத்துறவங்களுக்கு அந்தப் பொறுமை இருக்க வழியில்ல, அதுவும் எனக்குப் புரியுது. சீட்டு வாங்கி வர்றவன் இன்னிக்கு ஜெயிக்கணும்னுதான் வர்றான்.

இந்தப் பொங்கலுக்கும் சண்டை உச்சத்துக்குப் போச்சு. ரெண்டு பேரும் திரும்பி என்கிட்ட தீர்ப்பு கேட்டாங்க. "மாமா, நீங்க சொல்லுங்க, யாரு?" "அப்பா, ஒரே பேரு சொல்லணும்."

நான் சொன்னேன்: "கடைசியிலேருந்து தூக்கி மேல கொண்டு வந்தது மாட்டராஸி. இருக்கிற பசங்களை வச்சு சீசன் முழுக்க ஒரு டீமா ஆட வச்சது கிரிகரி. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சே ஆகணும்னா முதல் ஆளைக் கூப்பிடுவேன். ஒரு தோப்பு வைக்கணும்னா ரெண்டாவது ஆளைக் கூப்பிடுவேன்."

"அவரு வச்ச தோப்புதான் அடுத்த வருஷமே விழுந்துச்சே"ன்னான் பையன்.

"தாத்தா வச்ச தோப்பும்தான் விழுந்துச்சு"ன்னேன்.

பையன் ஒண்ணும் சொல்லல. எழுந்து டார்ச்சை எடுத்துக்கிட்டு தோப்புக்குள்ள போனான். கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளேருந்து குரல் வந்துச்சு. "அப்பா, மேலண்டை வரப்புப் பக்கம் ஒரு நெட்டையில பாளை தெரியுதுப்பா!" தங்கச்சி மகன், "அது ஒரு வாரம் முன்னாடியே நான் பார்த்தேன் மாப்ள"ன்னான். உடனே யாரு முதல்ல பார்த்ததுன்னு அடுத்த சண்டை.

மறுநாள் கிளம்பறதுக்கு முன்னாடி பையன் என் கணக்கு நோட்டை வாங்கி போன்ல படம் எடுத்துக்கிட்டான். எதுக்குடான்னேன். "சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாமேன்னு"ன்னான். நான் மேல கேட்கல.

அப்பா படம் கூடத்துல இருக்கு. பொங்கலுக்குப் போட்ட மாலை இன்னும் காயல. அந்த ஒரு ஏக்கர் கதையை நான் இப்ப யார்கிட்டயும் சொல்றதில்ல. இங்க சொன்னதுதான் கடைசி.

அடுத்த வாரம் வேப்பம்புண்ணாக்கு, உறுதி. பேராவூரணி பக்கம் வந்தா சொல்லுங்க, இளநீர் வெட்டித் தர்றேன். மாட்டராஸியா கிரிகரியான்னு ஒரு முடிவோட வாங்க, திண்ணையில இடம் இருக்கு.