ஊரை விட்டு ஓடாதே, பள்ளம் தோண்டு!

பெர்மாகல்ச்சர் என்றதும் ஏதோ ஆர்கானிக் காய்கறிக் கடை சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரென் என்ற இரண்டு பேர் வைத்த பெயர் அது. காடு யாருடைய தயவும் இல்லாமல் தன்னை எப்படி நடத்திக்கொள்கிறதோ, அதைப் பார்த்து நம் வீடு, தோட்டம், தண்ணீர் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்வது. அவ்வளவுதான் விஷயம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலைவனத்தில் இருப்பவன் எந்தக் காட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறது டூசான் நகரம். வருடத்துக்குச் சுமார் 280 மில்லிமீட்டர் மழைதான். ஊர் நடுவே ஓடிய சான்டா குரூஸ் ஆறு, நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சியே மணலாகிப் போனது. இப்போது கொலராடோ ஆற்றுத் தண்ணீரைச் சுமார் 540 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, பம்ப் வைத்து 2,800 அடிக்கும் மேலே ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். அந்த ஆற்றுக்கே 2021ல் முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்துவிட்டார்கள்!

இந்த ஊர்க்காரர்தான் பிராட் லங்காஸ்டர். பெர்மாகல்ச்சர் படித்தவர். 1995ல் ஆப்பிரிக்காவில் சுற்றியபோது, ஜிம்பாப்வேயில் செபனாயா ஃபிரி மசேகோ என்ற விவசாயியைப் பார்க்கப் போனார்.

ஃபிரியின் கதை தனிக் கதை. அன்றைய வெள்ளையர் அரசை எதிர்த்ததால் 1964ல் ரயில்வே வேலை போய்விட்டது. கையில் மிஞ்சியது ஒரு பாறைக் குன்றும் அதன் அடிவாரத்தில் கொஞ்சம் வறண்ட நிலமும். மழை வந்தால் பாறையில் வழிந்து, மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். அவர் முதலில் செய்தது, மழையில் நின்று தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்ததுதான். அப்புறம் மேலே சின்னச் சின்னக் கல் தடுப்பு, கீழே குழிகள், வாய்க்கால்கள். ஓடிய தண்ணீர் நடந்தது, நடந்த தண்ணீர் நின்றது, நின்றது மண்ணுக்குள் இறங்கியது. கிணறு ஊறியது. அந்த வறண்ட பூமியில் வாழை வளர்ந்தது!

அவரிடம் லங்காஸ்டர் தன் ஊரின் நிலைமையைச் சொல்லி, அங்கிருந்து கிளம்பிவிடலாமா என்று இருப்பதாகச் சொன்னார். ஓடினால் பிரச்சினையும் கூடவேதான் வரும், திரும்பிப் போய் வேர் விடு என்பதுதான் ஃபிரி சொன்னதன் சாரம்.

திரும்பினார். டூசானில் அவரும் சகோதரரும் வாங்கிய இடம் வெறும் பன்னிரண்டரை சென்ட். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சுமார் 500 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 x 280 = 1,40,000 லிட்டர். பாலைவனத்தில், ஒரே ஒரு வீட்டுக்கு! இவ்வளவும் வாசல் வழியாக ரோட்டுக்குப் போய், அங்கிருந்து சாக்கடைக்குப் போகும். மறுநாள் கொலராடோ தண்ணீரை ஹோஸ் பைப்பில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவார்கள். வரவைக் கொட்டிவிட்டு, கடன் வாங்கிச் செலவு செய்வது என்பது இதுதான்.

முதலில் வீட்டைச் சுற்றிப் பள்ளங்கள் தோண்டி மழையை நிறுத்தினார்கள். குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் மரங்களுக்குப் போயின. அடுத்து ரோட்டுத் தண்ணீர். அதை வீட்டு முன்னால் இருக்கும் மரங்களுக்குத் திருப்ப வேண்டுமென்றால் ரோட்டோர சிமெண்ட் விளிம்பை வெட்ட வேண்டும். அது சட்டப்படி குற்றம். 2004ல் வெட்டினார்! பிறகு நகராட்சியோடு பேசிப் பேசி, 2007ல் அதற்கு முறையான அனுமதி கிடைக்க வழி செய்தார். 2008ல் நகரமே ஒரு சட்டம் போட்டது. புதிய வணிகக் கட்டடங்கள் தங்கள் செடிகொடிகளுக்கு வேண்டிய தண்ணீரில் பாதியை மழையிலிருந்தே எடுக்க வேண்டும். 2010ல் அது நடைமுறைக்கு வந்தது. 2012ல் மழைநீர் சேமிக்கும் வீடுகளுக்கு மானியமும் கொடுத்தார்கள்.

அவர் தெருவில் நட்ட மரங்களில் முக்கியமானது மெஸ்கீட். நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்துக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் அங்கே அது மண்ணின் மரம். நிழல் தருகிறது, காயை அரைத்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள்.

இதனால் கொலராடோ கால்வாய் தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. குழாயைத் திறந்தால் இன்றும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். பன்னிரண்டரை சென்ட் ஒரு நகரத்தைக் காப்பாற்றாது. ஆனால் ஒரு வீட்டு வாசலில் நடந்த சட்டமீறல், நாலு வருடத்தில் ஒரு நகரத்தின் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்ததே, அது சின்ன விஷயமா?

ஃபிரி 2015ல் இறந்துவிட்டார். அவர் செய்த முதல் வேலைக்குக் காசு வேண்டாம், நிலம் வேண்டாம், பட்டமும் வேண்டாம். அடுத்த மழைக்கு செல்போனைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்று பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?