அக்கரையில் நின்ற தாய்

டொரான்டோ மாநகரின் கிழக்கே, ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது தளத்தில், யாழ்ப்பாணத்து நல்லூரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். வயது 83. அவருடைய பூசை அறை என்பது துணி அலமாரியின் ஒரு தட்டுத்தான். அங்கே நல்லூர்க் கந்தனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவே, ஓரம் பழுத்துப்போன தாயுமானவர் படம் ஒன்று இருக்கிறது.

அந்தப் படம் திருச்சியில் வாங்கியது. போர்க்காலத்தில் ஊரை விட்டு வெளியேறி, கனடாவில் இருந்த மகன் செய்த விண்ணப்பம் முடிவாகும்வரை இரண்டு ஆண்டுகள் அவர் திருச்சியில் வாடகை வீட்டில் காத்திருந்தார். அவ்வாறு காத்திருந்த ஈழத்துக் குடும்பங்கள் அந்நாளில் அங்கே பல. அச்சமயம் அவருடைய மகள் லண்டனில் தலைப்பிரசவத்துக்கு இருந்தாள். தாய் போக வழியில்லை. மலைக்கோட்டைப் படியேறி, சுகப்பிரசவமானால் வாழைத்தார் சாத்துவதாக வேண்டிக்கொண்டார்.

தாயுமானவர் வரலாற்றை அன்பர்கள் அறிவர். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப்பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. உதவ வந்த தாய், காவிரி பெருக்கெடுத்ததால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இக்கரையில் செவ்வந்திநாதப் பெருமானே அத்தாயின் வடிவெடுத்து வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து பணிவிடை செய்கிறார். லண்டனில் பேரப்பிள்ளை நலமாகப் பிறந்தது. மகளைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியவள் ஓர் ஆங்கிலத் தாதி என்று அறிந்தபோது, “தாயுமானவர்தான் போயிருக்கிறார்” என்று சொல்லி வாழைத்தார் சாத்தி வந்தார் அந்த அம்மையார்.

1998ஆம் ஆண்டு கனடா சேர்ந்தார். பெற்றோரை அழைக்கும் பிள்ளை, அவர்களைத் தன் செலவில் காப்பதாக அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று அந்த உறுதிமொழி 10 ஆண்டுகளுக்கு. பின்னாளில் அது 20 ஆண்டுகளாயிற்று. முதியோர் ஓய்வூதியத்துக்கோ 65 வயதும், குறைந்தது 10 ஆண்டு வசிப்பும் வேண்டும். ஆகவே கோயில் உண்டியலில் இடும் ஒரு டாலருக்கும் மகனிடம் கைநீட்டிய காலம் அது. தன் கையால் பத்துப் பேருக்குச் சோறிட்ட ஒருவருக்கு அது எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் குறை சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளை வளர்த்தார், சமைத்தார், நல்லூரில் இருக்கும் தங்கையிடம் தொலைபேசியில், “மகன் என்னை ராணி மாதிரி வைச்சிருக்கிறான்” என்றார். அது பொய்யுமன்று.

ஒரு மாசி மாதப் பனியில், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்து வீடு திரும்பியபின் அவரைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் இரவில் கழிவறைக்கு அழைத்துச் செல்வதும் மருமகளின் பொறுப்பாயின. அவளோ பகலெல்லாம் ஒரு தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவள். சில மாதங்களில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒருநாள் மாமியாரைத் தூக்கும்போது இருவரும் சேர்ந்தே கட்டிலில் சாய்ந்தார்கள்.

ஒன்டாரியோ மாகாணத்தில், தகுதி பெறும் முதியோருக்கு வீட்டுக்கே பணிப்பெண்ணை அனுப்பி உதவும் ஏற்பாடு உண்டு; அதற்குக் கட்டணம் இல்லை. எத்தனை மணி நேரம் என்பதை, வீட்டுக்கு வந்து கேள்விகள் கேட்டு முடிவு செய்வார்கள். அவ்வாறே ஓர் அலுவலர் வந்தார். தாமாகக் குளிக்க முடிகிறதா, உடுத்த முடிகிறதா, இரவில் எழுந்து நடக்க முடிகிறதா என்று கேட்டார். பேரன் மொழிபெயர்த்தான். நல்ல சேலை உடுத்தி, திருநீறு பூசி, நிமிர்ந்து அமர்ந்திருந்த அம்மையார் ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஏலும்” என்றே விடை கூறினார். சமையலறை வாசலில் நின்ற மருமகள் வாய் திறக்கவில்லை. மாமியின் சொல்லை அந்நியர் முன் மறுப்பது அவள் வளர்ந்த முறையில் இல்லை. உதவி அதிகம் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு அலுவலர் போய்விட்டார்.

வந்த விருந்தாளி முன் வீட்டின் வறுமையைக் காட்டாத குணம் நம் பெரியோருக்கு இயல்பு. ஆயினும் வைத்தியரிடம் நோயை மறைக்கலாகாது என்று சொல்லி வளர்த்தவர்களும் அவர்களே. அன்று வந்தவர் விருந்தாளி அல்லர் என்பது அந்த வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் முறை அலுவலர் வந்தபோது, கல்லூரியில் படிக்கும் பேத்தி உடனிருந்தாள். பாட்டி “ஏலும்” என்றதும், “இல்லை, அம்மாதான் எல்லாம் செய்கிறா, அம்மாவுக்கு முதுகு போயிற்று” என்று ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். வாரத்தில் ஐந்து நாள் உதவி கிடைத்தது. பாட்டி இரண்டு நாள் பேத்தியோடு பேசவில்லை.

வந்த பணிப்பெண் பிலிப்பைன்ஸ் நாட்டவள், கிறித்தவள். முதல் வாரம் அம்மையார் அவளைத் தொடவிடவில்லை. மாமிசம் புழங்கும் கை என்றார், குளிர் என்றார், பிறகு குளித்தாயிற்று என்றே சொல்லிவிட்டார். உண்மையில் சுடுவது வேறு. பெற்ற பிள்ளை இருக்கக் கூலிக்கு வந்தவள் உடம்பைத் தொட்டால், ஊரில் என்ன சொல்வார்கள்? மகனும் அதே எண்ணத்தால் உள்ளுக்குள் குன்றியிருந்தான். பராமரிப்பு இல்லத்தில் பெயர் பதிந்து வைக்கும்படி ஒரு நண்பர் சொன்ன அன்றிரவு அவன் உண்ணவில்லை.

லண்டன் மகள் தொலைபேசியில் கேட்டாள்: “நான் பிள்ளை பெத்துக் கிடக்கேக்க என்னை ஆரம்மா குளிக்க வார்த்தது? ஒரு வெள்ளைக்காரி. அவவைத் தாயுமானவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

அம்மையார் பதில் சொல்லவில்லை. தொலைபேசியை மருமகளிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் பணிப்பெண் வந்தபோது, தடியை ஊன்றித் தாமே குளியலறைக் கதவுவரை நடந்து நின்றார்.

மகன் சில தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தான்: தண்ணீர், சூடு, நோகுது, மெல்ல, போதும். அவள் எல்லாவற்றையும் கேள்வியாகவே சொல்வாள். “போதுமா, அம்மா?” குளித்தபின் திருநீற்றுச் சம்புடத்தை எடுத்து, இடக்கையில் நீட்டினாள். அம்மையார் அந்தக் கையை மெல்ல விலக்கி, வலக்கையைக் காட்டினார். அதன்பின் அவள் மறக்கவில்லை. அலமாரித் தட்டின் முன் வரும்போது அவளாகவே செருப்பைக் கழற்றிவிடுவாள். அதை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வீட்டில் வேறொன்றும் நடந்தது. முன்பெல்லாம் மருமகள் மாமியாரிடம் பேசியவை “காலைத் தூக்குங்கோ”, “மருந்தைக் குடியுங்கோ” என்னும் அளவே. இப்போது மாலையில் வேலை முடிந்து வந்தால், அருகில் அமர்ந்து நல்லூர்த் திருவிழாக் கதை கேட்க அவளுக்கு நேரமிருக்கிறது. மகன் இரவில் காலுக்கு எண்ணெய் தடவி, ஒரு தேவாரம் பாடுவான். ராகம் சரியாக வராது, தாய் திருத்துவார்.

பராமரிப்பு இல்லத்தின் விண்ணப்பம் இன்னமும் மேசை அறையில் கிடக்கிறது. அதைப் பற்றி அம்மையாரே ஒருநாள் கேட்டார்: “அங்கை தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ? மரக்கறிச் சாப்பாடு தருவினமோ?” விசாரிப்பதாக மகன் சொன்னான். விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

சென்ற பிரதோஷத்தன்று தமிழ்க் கடையிலிருந்து இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்லி, தாயுமானவர் படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டினார். தங்கையிடம் தொலைபேசியில், “ஒரு பிள்ளை வந்து என்னைப் பாக்கிறாள்” என்றார்; கூலிக்கு என்பதையும் மறைக்கவில்லை. பிறகு ஒரு சீப்பை எடுத்துப் பணிப்பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் வாசலில் அமர்ந்து, பனிச்சப்பாத்தை மாட்டுமுன் ஒரு பழத்தை உரித்து உண்டாள். மிச்சத்தைப் பிள்ளைகளுக்கென்று பையில் வைத்துக்கொண்டாள்.