மடக்கி வைத்த சீட்டு

சூதாட்டம் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வள்ளுவர் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கி, அதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலோடு ஒப்பிட்டார். பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் இரண்டாம் சருக்கத்தின் பெயரே சூதாட்டச் சருக்கம். நம் நாட்டில் சூதாட்ட விடுதிகளைத் தடுக்க 1953-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

நான் சொல்ல வருவதோ காசு வைக்காத ஆட்டத்தைப் பற்றி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் அடைபட்டிருந்தேன். உறவினர்கள் எல்லாரும் கிள்ளானில். இரவானால் கைப்பேசியில் போக்கர் ஆடுவோம். பந்தயம் வெறும் புள்ளிகள்தாம். கட்டுப்பாடு நீங்கியதும், அதிகம் தோற்றவர் எல்லாருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும்.

போக்கரில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு மறைவாக இருக்கும். நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக விழும். ஓர் இரவு என் கையில் இரண்டு ஒன்பது. நடுவிலும் ஓர் ஒன்பது விழுந்தது. மூன்று ஒன்பது என்பது நல்ல கை. ஆனால் கடைசிச் சீட்டாக மூன்றாவது ஆர்ட்டின் விழுந்தது. அதுவரை அமைதியாக இருந்த பெரியப்பா மகன், உடனே 60 புள்ளி வைத்தார். நடுவில் ஏற்கெனவே 60 புள்ளி இருந்தது.

நானும் 60 வைத்தால் மொத்தம் 180. ஆக, இப்படிப்பட்ட மூன்று ஆட்டங்களில் ஒன்றையாவது நான் வென்றால்தான் கணக்குச் சரியாகும். நடுவில் கிடப்பதில் பாதி நான் வைத்ததுதான். ஆனால் வைத்தபின் அது என்னுடையது அன்று. கணக்கில் அதற்குத் தனிச் சலுகை கிடையாது. அண்ணனோ பாவ்லா காட்டி நான் பார்த்ததே இல்லை. அவரிடம் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் என் மூன்று ஒன்பதும் செல்லாது.

மடக்கி வைத்தேன். அவருடைய சீட்டைக் காட்டாமலேயே திரை அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டது.

மோசமான கையை விடுவது எளிது. நல்ல கையை விடுவதுதான் கடினம். விட்டது சரியா என்பது கடைசிவரை தெரியாமல் போவது அதைவிடக் கடினம். 2019-இல் 'புளூரிபஸ்' என்ற கணினி நிரல், ஆறு பேர் ஆடும் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது. அதற்கும் எதிராளியின் சீட்டு தெரியாது. தெரிந்ததை வைத்து எடை போடுவது மட்டுமே அதற்கும் வழி.

அந்த ஆண்டின் இறுதியில் அக்காவுக்கு இதே நிலை வந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு அருகே தையற்கடை வைத்திருந்தார். கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் திருமணங்கள் தள்ளிப்போயின. தீபாவளிக்கும் துணி வரவில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம்.

"ரெண்டு வருசமா காசு போட்டிருக்கேன் தம்பி, எப்படி விடுறது?" என்றார்.

"போட்டதை விடுக்கா. இனிமே போடப்போறது திரும்பி வருமா? அதை மட்டும் பாரு" என்றேன்.

இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தையல் இயந்திரங்கள் வீட்டுக்கு வந்தன. மிச்சப் பணத்தில் கடன் அடைந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு கேக் கடை இருக்கிறது. வார இறுதியில் நல்ல கூட்டம். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று சொல்லாத உறவினர் இல்லை.

நண்பர்களே, நம்மில் பலர் பிடிக்காத படிப்பையோ, உயராத வேலையையோ, 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற ஒன்றுக்காகவே தொடர்கிறோம். தொடர்வது சில வேளைகளில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது வந்த தூரமன்று, இனிப் போக வேண்டிய தூரம். முடிவுக்குப் பின் வெளிவரும் செய்தியை வைத்து முடிவைப் பழிப்பதும் நியாயமன்று.

அக்கா இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வார்: "அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சேன்."