ஈரம் இறங்கும் வரை

அம்மா உட்காருவதற்காகத் தை மாதம் ஒரு மணை செய்தேன். பலாப்பலகை, மஞ்சள் அரைத்துப் பூசியது போன்ற நிறம். சித்திரை வெயிலில் ஓரத்திலிருந்து நடுவரை விரிசல் ஓடிவிட்டது. நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்கட்டில், ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளில் மட்டும் உளி பிடிக்கிறவன் நான். ஏன் விரிந்தது என்று தெரியாமல் அடுத்த பலகையைத் தொட மனம் வரவில்லை. பலாமரத்தைப் பற்றிக் கேட்கப் பண்ருட்டியை விட்டால் வேறு இடம் ஏது?

காடாம்புலியூர் வழியாகப் போனால் சாலையோரமெங்கும் பழக்குவியல். வாசனை பேருந்துக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் பழத்தை அறிந்த அளவு மரத்தை நாம் அறிவதில்லை. மிருதங்கம், தவில், வீணை மூன்றும் பிறப்பது பலாவில்தான். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மரம் போகிறது.

நான் போன பட்டறை மிருதங்கக் கட்டை கடைகிற இடம். பெரியவர் ஒருவர் வாச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தார். 22 அங்குலம், 24 அங்குலம் என்று கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. குட்டையானது ஏறின சுருதிக்கு, நீளமானது இறங்கின சுருதிக்கு. வலந்தலை வாய் சிறிது, இடந்தலை வாய் பெரிது. வயிறு நட்டநடுவில் இல்லாமல் இடந்தலைப் பக்கம் சற்றுத் தள்ளிப் புடைத்திருக்கும். அந்த வளைவைக் கண்ணாலேயே பிடித்துவிடுகிறார்கள். அளவுகோலோடு அரைநாள் போராடுகிற எனக்கு அதைப் பார்க்கத் தொண்டை அடைத்தது.

பையிலிருந்த மணையை எடுத்துக் கொடுத்தேன். விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“பச்சையிலேயே இழைச்சிட்டீங்களே தம்பி. மரத்துக்கு வாய் முனையிலதான் இருக்கு. ஈரம் அது வழியாத்தான் ஓடும். முனை முந்திக் காஞ்சு சுருங்கும், நடு காயாம நிக்கும். அப்புறம் பிளக்காம என்ன பண்ணும்?”

பட்டறைக்காரர்கள் முதலிலேயே கட்டையை உள்ளே குடைந்து நெஞ்சை எடுத்துவிடுகிறார்கள். நெஞ்சு போய்விட்டால் மரம் சுருங்க இடம் கிடைக்கிறது. பிறகு இரண்டு முனையிலும் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டையைத் தூக்கி என் கையில் வைத்தார், அடுத்து இன்னொன்று. ஒரே அளவுதான், ஆனால் முதலாவது கனத்தது. “கனம் குறையிறது நின்னாத்தான் காஞ்சதுன்னு அர்த்தம்.”

மிருதங்கத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பதுதான் பாடு. காய்க்கிற மரத்தை யார் வெட்டக் கொடுப்பார்கள்? காய்ப்பு ஓய்ந்த கிழமரம்தான் வரும். வைரம் பாய்ந்திருப்பதும் அதில்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அப்படிப்பட்ட மரங்கள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. அதற்குப் பின் நட்டவை பழம் தருகின்றன. வைரத்துக்கு இன்னும் காலம் போக வேண்டும்.

மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுகிறவர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். கட்டை கடைகிறவர் பெயரை எந்தக் கச்சேரி மேடையிலும் நான் கேட்டதில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு பச்சைத் துண்டை முனையில் மெழுகு தடவிக் கொடுத்தார்.

அது இப்போது கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதுகிறேன். இன்று 3 கிலோ 400 கிராம். போன வாரத்தைவிட 60 கிராம் குறைவு.