சுண்ணாம்புச் சேற்றில் ஒரு ஜனவரி

எனக்குத் தெரிந்த சேறு செம்பழுப்பு நிறம். டிசம்பர் மழைக்குப் பிறகு புக்கிட் தீமா பக்கம் சைக்கிள் ஓட்டினால் காலுறையில் ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். நனைந்தாலும் அது வெதுவெதுப்பான மழை. வீட்டுக்கு வந்து குளித்தால் முடிந்தது கதை.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத் டவுன்ஸ் மலைத்தொடரில் சேறு வெள்ளை. மலை என்று சொன்னாலும் உயரம் அதிகமில்லை. பிரைட்டனுக்கு வடக்கே இருக்கும் டிட்ச்லிங் பீக்கன் 248 மீட்டர்தான். முழுக்க வெண்சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மெல்லிய மண்ணும் புல்லும். வின்செஸ்டர் நகரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை 160 கிலோமீட்டருக்கு இந்த முகட்டிலேயே ஒரு பாதை ஓடுகிறது. சவுத் டவுன்ஸ் வே என்று பெயர். நடப்பவர், குதிரையில் போவோர், சைக்கிளோட்டிகள் எல்லாருக்கும் அது பொது. கோடையில் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பச்சை வயல்கள் என்று படம் எடுத்துக்கொண்டே போகலாம். நான் போனது ஜனவரியில்.

பிரைட்டனில் இருக்கும் அத்தான்தான் இருவருக்கும் பெயர் கொடுத்திருந்தார். உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சிறிய குளிர்கால கிராவல் சைக்கிள் நிகழ்வு. சுமார் 60 கிலோமீட்டர். “போட்டியெல்லாம் இல்ல தம்பி. முடிச்சா சூப்பும் ரொட்டியும் கொடுப்பாங்க,” என்றார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் வீட்டுப் பின்புறக் கொட்டகைதான் எங்கள் கூடம். முதலில் டயர். கோடைக்குப் போட்டிருந்த வழுவழு டயரைக் கழற்றிவிட்டு, பற்கள் தள்ளித் தள்ளி இருக்கும் 40 மில்லிமீட்டர் டயரை மாட்டினோம். பற்கள் நெருக்கமாக இருந்தால் சேறு நடுவே அடைத்துக்கொண்டு டயரே உருளைக்கட்டை ஆகிவிடும். இன்னும் அகலமாகப் போட்டால் பிடிப்பு கிடைக்குமே என்று கேட்டேன். அத்தான் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். அந்த இடைவெளி வழியாகத்தான் சேறு வெளியேற வேண்டும். அது அடைபட்டால் சக்கரம் சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டியதுதான்.

டியூப் வேண்டாம் என்று எடுத்துவிட்டு, டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றினோம். இந்த மலையில் சுண்ணாம்போடு சிக்கிமுக்கிக் கல்லும் கலந்து கிடக்கிறது. உடைந்த சிக்கிமுக்கியின் விளிம்பு கத்திதான். ஆதி மனிதன் அதில்தான் கருவி செய்தான் என்று பள்ளியில் படித்தோமே, அதே கல். சின்ன ஓட்டை என்றால் திரவமே அடைத்துவிடும். காற்றையும் 30 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தோம். டயர் கொஞ்சம் தளர்ந்தால்தான் ஈரமான சுண்ணாம்பில் பிடிக்கும். நனைந்த சுண்ணாம்பு சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

அடுத்தது பிரேக். எனக்கு இதுதான் புதுப் பாடம். சுண்ணாம்புக் குழம்பும் மணலும் கலந்து தேய்த்தால், ரெசின் வகை பிரேக் பேட் ஒரே நாளில் கரைந்துபோவதும் உண்டு. உலோகத்தூள் கலந்த பேட் அதிக நாள் தாங்கும். கீச்சென்று கத்தும், பரவாயில்லை. கூடுதலாக ஒரு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டோம். செயினுக்கு மழைக்கால எண்ணெய். சட்டத்தின் அடிப்பக்கத்தில் சேறு ஒட்டாமல் இருக்க, அக்காவின் அடுப்படியிலிருந்து தெளிப்புச் சமையல் எண்ணெயைத் திருடினோம். பிரேக் வட்டில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது என்பதால் சக்கரங்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் தெளித்தோம்.

சைக்கிள் விஷயத்தில் நாங்கள் எதையும் விடவில்லை. அதனால்தான் பிறகு நடந்தது இன்னும் உறைக்கிறது.

முதல் நாள் இரவு அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு ஜோடி கம்பளிக் கையுறை, அவற்றின் மேல் மாட்டப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. “கை விறைச்சா பிரேக் பிடிக்க முடியாதுடா,” என்றார். சரி என்று வாங்கி வைத்தேன். காலையில் பை மூடவில்லை. அவசரத்துக்கு ஒரு டியூபும் இன்னொரு சின்ன பம்ப்பும் இருந்தால் நல்லது என்று தோன்றியது. கையுறைகளை எடுத்துக் கொட்டகை அலமாரியில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலை எட்டு மணிக்குத்தான் விடிந்தது. மூன்று டிகிரி, தூறல். டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்குக்குக் கீழேயிருந்து முகட்டுக்கு ஏறி, மேற்கு நோக்கித் திரும்பியதும் கடல் காற்று எதிரே அறைந்தது. ட்ரூலி ஹில் வரை வாடகைக்கு விட்ட உடம்பு போல எல்லாம் நடுங்கியது. அப்புறம் சூடு பிடித்தது. அங்கிருந்து ஏடர் ஆற்றுக்கு இறங்கும் சரிவில் பிரேக்குகள் கத்த, வெள்ளைச் சேறு முகம் வரை தெறிக்க, சின்னப் பையன் மாதிரி கூவிக்கொண்டே இறங்கினேன்.

ஆற்றோரத்தில் பயணிகளுக்காக ஒரு குடிநீர்க் குழாய் இருக்கிறது. அதற்குள் என் பின் கியர் சேற்றில் இறுகி நகர மறுத்தது. அத்தான் கையுறையைக் கழற்றி ஈரப்புல்லில் போட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கழுவி, விரலாலேயே சேற்றைத் தோண்டி எடுத்தார். பத்து நிமிடம் இருக்கும். கியர் சரியாகிவிட்டது. அவர் கையுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“மாத்துக் கையுறை எடு தம்பி.”

சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. நனைந்ததையே பிழிந்து மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

சாங்டன்பரி ரிங் என்ற இடத்தில் பழங்காலக் கோட்டை மேடு ஒன்று உண்டு. அதைச் சுற்றி பீச் மரங்கள். 1760இல் நட்ட மரங்களில் பெரும்பாலானவை 1987 புயலில் சாய்ந்துவிட்டன. இப்போது நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு நட்டவை. ஒதுங்க அங்கே இடமில்லை. அத்தான் பேசுவதை நிறுத்தியிருந்தார். மேடேறும்போது பாட்டுப் பாடுகிற மனிதர். ஏதோ கேட்டேன், வந்த பதில் வாய்க்குள் குழைந்தது. கியர் மாற்ற விரலால் முடியாமல் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். இறங்கி நின்றபோது கால் தடுமாறியது.

உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்கு இதெல்லாம் அறிகுறி என்று நிகழ்வு அறிவிப்பில் படித்திருந்தேன். படித்தபோது நம்மைப் பற்றிய விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு மரத்தின் பின்னால் காற்றுக்கு மறைவாக உட்காரவைத்து, வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றி, ஃபிளாஸ்க்கில் இருந்த இனிப்புத் தேநீரை மடக்கு மடக்காகக் கொடுத்தேன். என் கையுறையைக் கழற்றி அவருக்கு மாட்டினேன். கையைத் தேய்க்கக் கூடாது என்று நினைவிருந்தது. அவர் கைகளை அவருடைய அக்குளிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் “போதும்டா, ஆம்பர்லி வரைக்கும் போயிடலாம்,” என்றார். சொல் தெளிவாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரை எதிர்த்து நான் பேசியது அதுவே முதல்முறை.

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே வாஷிங்டன் கிராமத்துக்கு இறங்கினோம். அமைப்பாளர்களுக்குப் பாதியில் விலகுகிறோம் என்று தொலைபேசியில் தெரிவித்தேன். அக்கா காரோடு வந்தார். ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து நேரே கொட்டகைக்குப் போனவர், அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டார்.

சுண்ணாம்புச் சேறு காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அன்றைக்கே கழுவியாக வேண்டும். உயர் அழுத்தக் குழாயால் பீய்ச்சினால் பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். வாளியும் தூரிகையும்தான் நல்லது. இருட்டிய பிறகு தலைவிளக்கு மாட்டிக்கொண்டு இரண்டு சைக்கிளையும் கழுவினேன். கொல்லையில் தண்ணீர் பால் போல ஓடியது. பிரேக் பேட்கள் பாதிகூடத் தேயவில்லை. டயரில் ஒரு ஓட்டை இல்லை. கையில் அந்த ரப்பர் கையுறை. விரல் நுனி வரை கதகதப்பாக இருந்தது.

உள்ளே ரசம் கொதிக்கும் வாசம் வந்தது. சன்னலைத் திறந்து அத்தான் கேட்டார்: “தம்பி, மார்ச்ல ஒண்ணு இருக்காம். பேர் கொடுக்கவா?”

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. “பை நான்தான் கட்டுவேன்.”